'ரிஸ்' என்றால் என்ன? நம் பிள்ளைகள் பேசும் ஒரு சொல்லின் கதை

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் ஒரு சொல்லை 'ஆண்டின் சொல்' என்று அறிவித்து வருகிறது. 2023ஆம் ஆண்டுக்காக அது தேர்ந்தெடுத்த சொல் 'ரிஸ்'. முதலில் எட்டுச் சொற்கள் பட்டியலிடப்பட்டன. 30,000க்கும் மேற்பட்டோர் இணையத்தில் வாக்களித்து அவற்றை நான்காகக் குறைத்தார்கள். பிறகு அகராதி வல்லுநர்கள் கூடி ஒன்றை முடிவு செய்து, டிசம்பர் 4 அன்று அறிவித்தார்கள்.

இன்று இந்தச் சொல் நம் வீடுகளிலும் கேட்கிறது. 'அவனுக்கு ரிஸ் அதிகம்', 'உனக்கு ரிஸ்ஸே இல்லை' என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கிறார்கள். கேட்கும் பெற்றோரில் சிலர், ஏதோ கெட்ட வார்த்தை என்று பதறுகிறார்கள். வேறு சிலர், பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சு நமக்கெதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே முழுமையான அணுகுமுறை அல்ல. சொல்லின் பொருளும் அது வந்த வழியும் தெரிந்தால், எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது நமக்கே விளங்கிவிடும்.

பொருள் என்ன?

ஒருவரிடம் உள்ள கவர்ச்சி, பேச்சு நயம், பிறரைத் தன் பக்கம் இழுக்கும் திறன் ஆகியவற்றை 'ரிஸ்' குறிக்கிறது. குறிப்பாக, எதிர்பாலினத்தவரைப் பேச்சாலும் பாவனையாலும் கவரும் திறமைக்கே இது அதிகம் பயன்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியாளர்கள் தரும் விளக்கத்திலும் இந்த இரண்டு பகுதிகளும் உண்டு. பொதுவான வசீகரம் ஒன்று. துணையை ஈர்க்கும் ஆற்றல் மற்றொன்று.

இதிலிருந்து பல கிளைச் சொற்கள் பிறந்துவிட்டன. ஒருவரைப் பேசி மயக்குவது 'ரிஸ் அப்' செய்வது. இதில் கைதேர்ந்தவர் 'ரிஸ்லர்'. முயற்சி பலித்தால் 'டபிள்யூ ரிஸ்', பலிக்காமல் அசடு வழிந்தால் 'எல் ரிஸ்'. வெற்றி, தோல்வி என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் இவை. வாய் திறந்து பேசாமல், பார்வையாலும் நிற்கும் தோரணையாலும் மட்டுமே ஈர்ப்பவருக்கு இருப்பது 'அன்ஸ்போக்கன் ரிஸ்', அதாவது பேசாத கவர்ச்சி.

தமிழில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லை. 'வசீகரம்' அருகில் வருகிறது. 'கெத்து' என்று நம் இளைஞர்கள் சொல்வது வேறு, அது மிடுக்கு. 'கடலை போடுவது' என்று கல்லூரிகளில் சொல்வார்களே, அந்தச் செயலில் ஒருவருக்கு உள்ள சாமர்த்தியத்துக்குப் பெயர் வைத்தால் அது ஏறக்குறைய 'ரிஸ்'.

யார் பரப்பியது?

அமெரிக்காவின் நியூயார்க்கைச் சேர்ந்த காய் செனட் என்ற இளைஞர், 'ட்விட்ச்' என்ற நேரலைத் தளத்தில் லட்சக்கணக்கான ரசிகர்களைக் கொண்டவர். அவரும் அவருடைய நண்பர்களும் 2021, 2022 ஆண்டுகளில் இந்தச் சொல்லைத் தம் நேரலைகளில் அடிக்கடி பயன்படுத்தினார்கள். அங்கிருந்து அது டிக்டாக்கின் சிறு காணொளிகளுக்குத் தாவியது. 2023 ஜூன் மாதம், ஸ்பைடர்மேனாக நடித்த டாம் ஹாலண்ட் ஒரு நேர்காணலில் தனக்கு ரிஸ் சுத்தமாக இல்லை என்று சொல்லிச் சிரித்தார். அது உலகம் முழுவதும் பரவியது. அந்த மாதத்தில் சொல்லின் பயன்பாடு வெகுவாக உயர்ந்ததை ஆக்ஸ்ஃபோர்டே குறிப்பிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் இதைச் சேர்த்துக்கொண்டது.

ஆக, கறுப்பின அமெரிக்க இளைஞர்கள் தங்களுக்குள் பேசிய ஒரு சொல், கைபேசித் திரை வழியாக இரண்டு மூன்று ஆண்டுகளில் கீழக்கரை, காயல்பட்டினம், வாணியம்பாடி வரை வந்து சேரக்கூடிய காலம் இது. முன்பெல்லாம் ஒரு சொல் ஊர் விட்டு ஊர் வர வியாபாரியோ மாலுமியோ அதைச் சுமந்து வர வேண்டும். நம்மிடையே புழங்கும் அரபுச் சொற்களும் மலாய்ச் சொற்களும் அப்படி வந்தவைதாம். இன்று அந்தச் சுமக்கும் வேலையைச் சிறு காணொளிகள் செய்கின்றன.

சொல்லின் வேர்

'ரிஸ்' என்பது 'கரிஸ்மா' என்ற சொல்லின் நடுத்துண்டு என்பதே அகராதியாளர்களின் கருத்து. ஆங்கிலத்தில் நீண்ட சொல்லின் முன்பகுதியையோ பின்பகுதியையோ மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். நடுப்பகுதியை மட்டும் எடுப்பது அரிது. ஆனாலும் உதாரணங்கள் உண்டு. 'இன்ஃபுளுயன்சா'விலிருந்து 'ஃபுளூ', 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்பதிலிருந்து 'ஃபிரிட்ஜ்' வந்தது இப்படித்தான்.

'கரிஸ்மா' கிரேக்கச் சொல். அதன் அடிச்சொல்லான 'காரிஸ்' என்பதற்கு அருள், கருணை என்று பொருள். எனவே 'கரிஸ்மா' என்றால் அருளாகக் கிடைத்த கொடை. கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாட்டில் உள்ள பவுலின் கடிதங்களில் இந்தச் சொல் வருகிறது. நோய் தீர்க்கும் ஆற்றல், முன்னறிவிக்கும் ஆற்றல் போன்றவற்றை இறைவன் தரும் கொடைகள் என்று சொல்ல அவர் இதைப் பயன்படுத்தினார். நெடுங்காலம் இது தேவாலய வட்டத்துக்குள் இருந்த சொல்தான்.

அதைப் பொதுவெளிக்குக் கொண்டு வந்தவர் ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர். அவர் 1920இல் காலமான பிறகு வெளியான 'பொருளாதாரமும் சமூகமும்' என்ற நூலில், மக்கள் ஒருவருக்குக் கட்டுப்படுவதற்கு மூன்று அடிப்படைகள் உண்டு என்று பிரித்துக் காட்டினார். பரம்பரை வழக்கம் ஒன்று. எழுதப்பட்ட சட்டம் இன்னொன்று. மூன்றாவது, தலைவரிடம் அசாதாரணமான ஏதோ ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை. அந்த மூன்றாவதைத்தான் அவர் 'கரிஸ்மா' என்றார்.

வெபர் சொன்னதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இந்தக் கவர்ச்சி தலைவருக்குள் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. பின்பற்றுகிறவர்கள் ஒப்புக்கொள்வதில்தான் அது நிற்கிறது. அவரால் தங்களுக்கு நன்மை கிடைக்கவில்லை என்று மக்கள் காணத் தொடங்கினால் அது கரைந்துவிடும்.

ஒரு சொல் பயணித்த தூரத்தைப் பாருங்கள். இறைவனின் கொடை என்பதிலிருந்து, தலைவரின் ஆளுமை என்பதற்கு வந்து, கடைசியில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் பேசிக் காட்டும் சாமர்த்தியம் என்பதில் வந்து நிற்கிறது. கொடுத்தவனைப் பற்றிய நினைவு சொல்லிலிருந்து முழுவதுமாகப் போய்விட்டது.

ஒலி ஒன்று, வேர் வேறு

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் சமூகத்தில் பெண் பிள்ளைகளுக்குக் 'கரிஷ்மா' என்று பெயர் வைப்பதுண்டு. அது கிரேக்கச் சொல் அல்ல, பாரசீகச் சொல். கண்ணசைவு, நாணம் கலந்த பாவனை என்பது பாரசீகத்தில் அதன் பொருள். உருதுவில் அது அற்புதம் என்ற பொருளைப் பெற்றது.

'கராமத்' என்பது மூன்றாவது. இது அரபுச் சொல். கண்ணியம், தயாளம் ஆகிய பொருள்களைத் தரும் 'க-ர-ம' என்ற மூலத்திலிருந்து வந்தது. இறைநேசர்கள் வழியாக வெளிப்படும் வழக்கத்துக்கு மாறான நிகழ்வுகளை அகீதா நூல்கள் இந்தப் பெயரால் அழைக்கின்றன. கரிஸ்மா, கரிஷ்மா, கராமத் ஆகிய மூன்றும் காதுக்கு உறவினர் போலத் தோன்றினாலும் தனித்தனிக் குடும்பங்களைச் சேர்ந்தவை.

கவர்ச்சியும் சூனியமும்

கவர்ச்சியைக் குறிக்கும் சொற்கள் பல, வெவ்வேறு மொழிகளில், மந்திரத்தோடு தொடர்புடையவையாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'சார்ம்' என்பதன் மூலம் இலத்தீன் மொழியில் பாட்டு, மந்திரம் என்று பொருள்படும் சொல். 'கிளாமர்' என்று சினிமாப் பக்கங்களில் பார்க்கிறோமே, அது இலக்கணம் என்று பொருள்படும் 'கிராமர்' என்பதன் ஸ்காட்லாந்துத் திரிபு. எழுத்தறிந்தவர்கள் மந்திரமும் அறிந்தவர்கள் என்று பாமரர்கள் நம்பிய காலத்தில், கண்ணைக் கட்டும் மாயத்துக்கு அந்தப் பெயர் வந்தது. நம் 'வசீகரம்' என்பதும் அப்படியே. வசப்படுத்துவது என்பதே அதன் பொருள். 'வசியம்' அதன் உடன்பிறப்பு.

அழகான பேச்சு ஒருவரின் அறிவைக் கட்டிப்போடக்கூடியது என்பதை மனிதர்கள் எல்லா இடங்களிலும் உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. புகாரியில் பதிவாகியுள்ள ஒரு செய்தி நமக்குத் தெரியும். கிழக்கிலிருந்து வந்த இருவர் ஆற்றிய உரையில் மக்கள் சொக்கிப்போனபோது, சில பேச்சுகளில் சூனியம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். சிலர் இதைப் பேச்சுத்திறனுக்கான பாராட்டு என்றும், சிலர் எச்சரிக்கை என்றும் விளக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. உண்மையை மனத்தில் பதிய வைக்கும் பேச்சும் உண்டு. பொய்யை உண்மை போலக் காட்டும் பேச்சும் உண்டு.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

மக்கள் ஒருவர்பால் ஈர்க்கப்படுவதை மார்க்கம் குறையாகச் சொல்லவில்லை. ஓர் அடியாரை அல்லாஹ் நேசித்தால் அதை ஜிப்ரீல் (அலை) அவர்களுக்கு அறிவிக்கிறான். அவர் வானவர்களுக்கு அறிவிக்கிறார். பிறகு பூமியில் அவருக்கு ஏற்பு வழங்கப்படுகிறது என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. அந்த ஏற்புக்கு அரபியில் 'கபூல்' என்று பெயர். 'ரிஸ்' கீழிருந்து முயன்று பெறுவது; 'கபூல்' மேலிருந்து வழங்கப்படுவது.

நபிமார்களின் வரலாற்றிலும் இதைக் காணலாம். மூஸா (அலை) அவர்களின் நாவில் தடை இருந்தது. தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டுப் பெற்றார்கள். அதே மூஸா (அலை) அவர்கள் மீது தன் அன்பைப் போட்டிருப்பதாக அல்லாஹ் கூறுகிறான். சரளமாகப் பேச இயலாதவரும் மக்கள் மனத்தில் இடம் பெற முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

யூசுஃப் (அலை) அவர்களோ அழகின் உச்சம். அந்த அழகு அவர்களுக்கு முன்னால் ஒரு வாசலைத் திறந்தபோது, அவர்கள் அதிலிருந்து தப்பி ஓடினார்கள்; சிறையை விரும்பி ஏற்றார்கள். சிறையில் இரு இளைஞர்கள் தங்கள் கனவுக்கு விளக்கம் கேட்டு அவர்களிடம் வந்தார்கள். ஏன் வந்தார்கள்? உங்களை நற்பண்பாளராகக் காண்கிறோம் என்று அவர்களே காரணம் சொன்னதாகக் குர்ஆன் கூறுகிறது. முகத்தின் அழகு மாளிகையில் சோதனையைக் கொண்டு வந்தது. குணத்தின் அழகு சிறையிலும் நம்பிக்கையைக் கொண்டு வந்தது.

நபி (ஸல்) அவர்களைச் சுற்றி மக்கள் கூடியதற்குக் காரணம் அவர்களின் மென்மைதான் என்றும், கடுகடுப்பாக இருந்திருந்தால் விலகிப் போயிருப்பார்கள் என்றும் ஆலு இம்ரான் அத்தியாயம் சொல்கிறது. இன்னொரு பக்கம், நயவஞ்சகர்களைப் பற்றிய அத்தியாயத்தில் வேறொரு வகைக் கவர்ச்சி வருணிக்கப்படுகிறது. அவர்களின் தோற்றம் பார்ப்பவரை வியக்க வைக்கும். பேசினால் காது கொடுக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் சாய்த்து வைக்கப்பட்ட மரக்கட்டைகளைப் போன்றவர்கள். உள்ளே ஒன்றுமில்லாத கவர்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது.

நாம் எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

ஒரு சொல் நம் வீட்டுக்குள் வந்ததாலேயே ஆபத்து வந்துவிடாது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இதைப் பொருள் தெரியாமலே பாட்டாகவும் வேடிக்கையாகவும் சொல்கிறார்கள். அவர்களை அதட்டினால், இதில் ஏதோ இரகசியம் இருக்கிறது என்ற ஆர்வம்தான் வளரும். கவனம் வேண்டியது சொல்லோடு சேர்ந்து வரும் பழக்கங்களில்.

முதலாவது, மனிதரை இலக்காகப் பார்ப்பது. வெற்றி, தோல்வி என்று மதிப்பெண் போட்டுக் கவர்வதில், எதிரில் இருக்கும் பெண் ஒரு தேர்வுத்தாளாகிவிடுகிறாள். அவள் யாருடைய மகள், யாருடைய சகோதரி, அவளுக்கு இது பிடிக்கிறதா, அச்சமாக இருக்கிறதா என்ற கேள்விகள் அங்கே இல்லை. அறிமுகமில்லாத பெண்களிடம் போய்ப் பேசி, அவர்கள் முகம் மாறுவதைப் படமெடுத்துப் பரப்பும் காணொளிகள் இந்தப் பெயரில் ஏராளம். நண்பர்களைச் சிரிக்க வைக்க ஒரு பெண்ணைச் சங்கடப்படுத்துவது நகைச்சுவை அல்ல என்பதைப் பையன்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, இந்த அறிவுரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நாம் நினைப்பது. மகளின் கைபேசியை வாங்கிப் பார்க்கும் பல வீடுகளில், மகன் இரவு இரண்டு மணி வரை யாருக்குச் செய்தி அனுப்புகிறான் என்று யாரும் கேட்பதில்லை. அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் கட்டளை முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது. அடுத்த வசனத்தில் பெண்களுக்கு வருகிறது. அந்த வரிசையை நாம் வீட்டில் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, இரவல் பேச்சு. எதிரில் இருப்பவருக்கு என்ன பதில் அனுப்பினால் மயங்குவார் என்று எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. திரையின் மறுபக்கம் இனிக்க இனிக்கப் பேசுபவர் யார், அவர் வயது என்ன, அந்த வாக்கியம் அவருடையதுதானா என்பது எதுவும் உறுதியில்லை. இதை நம் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் வெளிப்படையாகச் சொல்லலாம்.

நான்காவது அதிகம் பேசப்படாதது. 'உனக்கு ரிஸ் இல்லை' என்று கேலிக்கு ஆளாகும் பிள்ளை. கூச்ச சுபாவம் உள்ள பையன், நிறம் குறைவு என்று உறவினர்களே சொல்லிக் காட்டிய பெண், திக்கிப் பேசும் பிள்ளை, முகப்பருவுக்காகக் கண்ணாடி முன் நின்று அழும் பிள்ளை. இவர்கள் அந்தக் கேலியை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது, யாருக்கும் தன்னைப் பிடிக்காது என்று உள்ளே பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். பெற்றோரும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசினால் அந்தப் பூட்டு இன்னும் இறுகும்.

இத்தகைய பிள்ளைகளுக்கு ஸாஹிர் (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஷமாயில் திர்மிதியில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது. ஸாஹிர் பாலைவனத்துக் கிராமவாசி. பார்வைக்கு அழகானவர் அல்லர். அவர் சந்தையில் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து வந்து அவரைக் கட்டியணைத்தார்கள். யாரென்று தெரியாமல் திமிறியவர், நபியவர்கள்தாம் என்று தெரிந்ததும் தம் முதுகை அவர்கள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டார். இந்த அடிமையை வாங்குவோர் உண்டா என்று நபியவர்கள் விளையாட்டாகக் கேட்க, என்னை விற்றால் உங்களுக்கு விலை தேறாது என்றார் அவர். அல்லாஹ்விடம் நீர் விலை குறைந்தவர் அல்லர் என்று அவர்கள் பதில் தந்தார்கள். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்த ஒருவருக்கு, எல்லோரும் பார்க்கும் சந்தையில் கிடைத்த மரியாதை அது.

வீட்டில் செய்யக்கூடியவை

பிள்ளை இந்தச் சொல்லைச் சொன்னால், 'அப்படியென்றால் என்னம்மா?', 'யாரிடம் கேட்டாய் வாப்பா?' என்று முகம் மாறாமல் கேளுங்கள். அவர்கள் விளக்கட்டும். விளக்கும்போதே அவர்களுக்கு எவ்வளவு தெரியும், எந்தக் காணொளியிலிருந்து தெரிந்தது என்பது நமக்குப் புரிந்துவிடும். பிறகு இந்தச் சொல்லின் கதையைச் சொல்லுங்கள். கிரேக்கத்தில் இறைக்கொடையாக இருந்த சொல் இப்படி ஆகிவிட்டது என்பது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சுவையாகவே இருக்கும்.

ஈர்ப்பே தவறு என்று சொல்லிவிடாதீர்கள். அது பொய்யாகிவிடும். சுத்தமாக உடுத்துவது, மணம் பூசுவது, புன்முறுவலோடு சலாம் சொல்வது, எதிரில் இருப்பவர் பேசும்போது கைபேசியை வைத்துவிட்டு முகம் பார்த்துக் கேட்பது ஆகியவை எல்லாம் ஈர்ப்பவைதாம். நபி (ஸல்) அவர்கள் ஒருவரிடம் பேசும்போது முழுமையாக அவர் பக்கம் திரும்பிப் பேசுவார்கள் என்று அவர்களின் பண்புகளைச் சொல்லும் நூல்களில் படிக்கிறோம். இவற்றைப் பிள்ளைகளுக்குப் பழக்கினால், எந்தக் காணொளியும் கற்றுத் தராத வசீகரம் அவர்களுக்கு வந்து சேரும். உம்மாவிடமும் வாப்பாவிடமும் தாத்தா பாட்டியிடமும் முதலில் அது வெளிப்படட்டும்.

'ரிஸ்' என்ற சொல்லும் நீண்ட நாள் நிற்காது. அதற்குப் பின்னால் 'ஆரா' வந்துவிட்டது. ஒரு செயலுக்கு ஆரா மதிப்பெண் கூடியதா குறைந்ததா என்று பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு தேர்ந்தெடுத்த சொல் 'பிரைன் ராட்'. பயனற்ற இணையக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து மூளை மழுங்குவதைக் குறிக்கும் சொல் அது. ஒவ்வொரு சொல்லையும் துரத்திப் பிடிக்க நம்மால் முடியாது. புதிதாக ஒரு சொல்லைக் கேட்டால் அதை வீட்டில் வந்து சொல்லவும், அதைப் பற்றி நம்மிடம் கேட்கவும் பிள்ளைக்குத் தயக்கம் இல்லாத நிலையை உருவாக்க முடியும். இன்று இரவு உணவின்போது அதற்கு ஒரு கேள்வி போதும்.

மக்கள் விரும்பும் குணத்தையும், தன்னிடம் ஏற்புடைய வாழ்வையும் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக!